வறியவர் யார் யார்?



ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த ஒரு பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று நான் பேச வந்த பொருளுக்கு அதுவே நல்ல வாயில்.

1987-ஆம் ஆண்டு. ஆசிரியப் பயிற்சி முடித்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த நான், ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்து வந்தேன். அவ்வூர் நெல் வணிகர் ஒருவர், பள்ளியில் மிகவும் வறிய பிள்ளைகள் பதினைந்து பேருக்கு ஓராண்டுக்கு வேண்டிய நோட்டு, துணி, தேர்வுக் கட்டணம் யாவும் தாமே தருவதாகச் சொன்னார். பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கணக்கு வாத்தியார் கணக்காகச் செய்வார் என்று எண்ணினார்கள் போலும். நானும் ஒரு மாலைப் பொழுதில் மிதிவண்டியில் ஏறி நான்கு தெருக்களையும் சுற்றி வந்தேன். கூரை வீடு என்றால் பிள்ளையின் பெயரை எழுதினேன். ஓட்டு வீடு என்றால் விட்டேன். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வேலை முடிந்துவிட்டது.

பொங்கல் விடுமுறை கழிந்து பள்ளி திறந்தபோது எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வரவில்லை. பத்து நாள் பார்த்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். ஓட்டு வீடுதான், பாட்டனார் கட்டியது. உள்ளே சென்ற பிறகுதான் தெரிந்தது, பின்கட்டில் ஓடே இல்லை என்பது. ஓடுகளை இறக்கி விற்றுவிட்டு, அவ்விடத்தைப் பனையோலையால் மறைத்திருந்தார்கள். தெருவிலிருந்து பார்க்கும் முன்பக்கத்தை மட்டும் மானம் கருதி விட்டுவைத்திருந்தார்கள். தந்தை நோயாளி. சிறுமி தீப்பெட்டி ஒட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் பள்ளிக்குத் திரும்பவில்லை. மற்றொரு பக்கம், என் பட்டியலில் இடம் பெற்ற ஒரு பையனின் தந்தை தென்னந்தோப்பும் நான்கு கறவை மாடுகளும் உடையவர். வெயிலுக்குக் குளிர்ச்சி என்று கூரை வேய்ந்திருந்தார்.

ஆக, ஒரே பட்டியலில் இரண்டு வகைப் பிழைகள். சேரவேண்டியவரை விட்டுவிடுவது ஒன்று. சேரவேண்டாதவரைச் சேர்ப்பது மற்றொன்று. முன்னதை விடுபாட்டுப் பிழை என்றும் பின்னதைச் சேர்ப்புப் பிழை என்றும் சொல்லுவோம். இரண்டும் பிழையே எனினும் இரண்டின் பாரமும் ஒன்றன்று. சேர்ப்புப் பிழையால் வணிகரின் பணம் கொஞ்சம் வீணாயிற்று. விடுபாட்டுப் பிழையால் ஒரு பெண்ணின் படிப்புப் போயிற்று.

அரசாங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் இதே வேலையைப் பதினைந்து பேருக்கு அல்ல, லட்சக்கணக்கான பேருக்குச் செய்யவேண்டியிருக்கிறது. அதற்கு இந்நாளில் கணிப்பொறியைத் துணைக்கு அழைக்கிறார்கள். அஃது எவ்வாறு அந்த வேலையைக் கற்றுக்கொள்ளுகிறது, எங்கே நம்பத் தக்கது, எங்கே என்னைப் போலவே தெருவில் நின்றபடி கூரையைப் பார்த்துவிட்டுப் போகிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

வறுமையை எண்ணிப் பார்க்கும் முயற்சி புதிதன்று. இலண்டன் மாநகரில் சார்லஸ் பூத் என்னும் செல்வர் 1886-ஆம் ஆண்டு முதல் தெருத் தெருவாக ஆராய்ந்து, ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வண்ணம் தீட்டிய வரைபடம் வெளியிட்டார். செல்வர் தெருவுக்கு மஞ்சள். அடிமட்டத் தெருவுக்குக் கறுப்பு. அவர் வழியில் சீபோம் ரௌண்ட்ரி என்பவர் 1899-இல் யார்க் நகரத்தில் 11,560 குடும்பங்களை, அதாவது 46,754 மக்களைப் பற்றிய விவரம் திரட்டினார். உடல் தேறி நிற்பதற்கு வேண்டிய உணவுக்கும் உடைக்கும் உறையுளுக்கும் என்ன செலவாகும் என்று கணக்கிட்டு, அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பவர் எத்தனை பேர் என்று பார்த்தார். நம் சென்னைப் பல்கலைக் கழகத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது. பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களையே ஊர்களின் வாழ்க்கையை ஆராயத் தூண்டினார். இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி முதலிய ஊர்களைப் பற்றிய அந்த ஆய்வுகள் 1918-இல் நூலாக வந்தன. உங்கள் வயதுடையவர்கள் செய்த வேலை அது என்பதை மறக்கவேண்டாம்.

ஆனால் வீடு வீடாகச் சென்று கேட்பது எளிதன்று. சென்ற வாரம் எத்தனை படி அரிசி வாங்கினீர்கள், எண்ணெய் எவ்வளவு, மருந்துக்கு என்ன செலவு, கடன் எத்தனை என்று ஒரு குடும்பத்தைக் கேட்டு முடிக்க நீண்ட நேரம் பிடிக்கும். அதனால் எல்லா வீட்டையும் கேளாமல் சில வீடுகளைப் பொறுக்கிக் கேட்கும் மாதிரிக் கணக்கெடுப்பு முறை வந்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பாட்டிமார் அறிந்திருந்ததுதான். ஆனால் பானையை நன்றாகக் கிளறிவிட்டு எடுத்த சோறாக இருக்கவேண்டும். நம் நாட்டில் பேராசிரியர் மகலனோபிஸ் முயற்சியால் 1950-இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்புத் தொடங்கியது. 2022-23-இல் நடந்த குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் 2,61,746 வீடுகளைக் கேட்டார்கள். இத்தனை கோடி மக்களுக்கு அது மிகச் சிறிய மாதிரி. எனினும் நாட்டின் நிலையை அறியப் போதுமானது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். மாதிரிக் கணக்கெடுப்பு, வறியவர் எத்தனை பேர் என்று சொல்லும். யார் யார் என்று சொல்லாது. கேட்கப்படாத வீடுகளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. உதவித் தொகையை அனுப்பவேண்டுமானால் பெயரும் முகவரியும் வேண்டுமே! இந்த இடைவெளியில்தான் கணிப்பொறி நுழைகிறது.

இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் சான்று, மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள டோகோ என்னும் சிறிய நாடு. 2020-இல் கொரோனாத் தொற்று பரவி, ஊரடங்கு வந்தது. அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்பவர் கையில் பணம் போய்ச் சேரவேண்டும், உடனே சேரவேண்டும். ஆனால் யார் வறியவர் என்று காட்டும் குடும்பப் பதிவேடு அந்நாட்டில் இல்லை. நோய்க் காலத்தில் வீடு வீடாகச் செல்லவும் வழியில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் அந்த அரசாங்கம் ‘நோவிசி’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. அங்கே வழங்கும் ஏவே மொழியில் அச்சொல்லுக்கு ஒருமைப்பாடு என்பது பொருள். மக்கள் கைப்பேசியில் ஓர் எண்ணைத் தட்டிப் பதிவு செய்துகொண்டால், பணம் கைப்பேசிக் கணக்குக்கே வந்துவிடும். தலைநகரான லோமேயின் பகுதியில் ஆண்களுக்கு மாதம் 10,500 பிராங்கும் பெண்களுக்கு 12,250 பிராங்கும் கிடைத்தன. வாக்காளர் பதிவேட்டில் குறித்திருந்த தொழிலைக் கொண்டு முதலில் ஆளைத் தேர்ந்தார்கள். பெண்களுக்குச் சற்று மிகுதியாகக் கொடுத்தது நல்ல யோசனை என்பது என் கருத்து. குடும்பத்தின் உலை எரிவது அவர்கள் கையில்.

பின்னர் நாட்டுப்புறத்துக்கும் உதவியைக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. கையில் இருந்த பணமோ எல்லாருக்கும் போதாது. அப்போதுதான் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஜாஷுவா புளூமென்ஸ்டாக் முதலிய ஆராய்ச்சியாளர்களும், ‘கிவ்டைரெக்ட்லி’ என்னும் தொண்டு நிறுவனமும் அரசாங்கத்தோடு சேர்ந்தனர். வேலையை இரண்டு படியாகப் பிரித்தார்கள். முதற்படி, எந்த வட்டாரங்கள் மிக வறியவை என்று காண்பது. இரண்டாம் படி, அந்த வட்டாரங்களில் எந்த ஆட்கள் மிக வறியவர் என்று காண்பது.

முதற்படிக்குச் செயற்கைக்கோள் படங்கள் உதவின. இந்த வழிக்கு முன்னோடியாக 2016-இல் ஸ்டான்போர்டு ஆராய்ச்சியாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டிருந்தனர். நைஜீரியா, தான்சானியா, உகாண்டா, மலாவி, ருவாண்டா ஆகிய ஐந்து நாடுகளைப் பற்றியது அது. இரவில் ஒளிவிடும் ஊர் செல்வமுள்ளது, இருண்ட ஊர் வறியது என்பது பொதுவான கணக்கு. ஆனால் வறிய ஊர், மிக வறிய ஊர் என்று பிரிக்க இரவின் ஒளி உதவாது. இரண்டும் ஒன்றுபோலவே இருண்டு கிடக்கும். ஆதலால் அவர்கள் பகற்படங்களைக் கணிப்பொறிக்குக் கொடுத்து, அவ்விடம் இரவில் எவ்வளவு ஒளிவிடும் என்று ஊகிக்கும்படி முதலில் பழக்கினர். அந்தப் பழக்கத்தில் அது சாலை, கூரை, வயல், நீர்நிலை ஆகியவற்றின் வேறுபாட்டைத் தானே கற்றுக்கொண்டது. பிறகு, வீடு வீடாகக் கேட்டறிந்த கணக்கெடுப்பு விவரத்தைச் சிறிதளவு கொடுத்து, படத்திலிருந்து வாழ்க்கை நிலையை ஊகிக்கக் கற்பித்தனர். ஊர்களுக்கிடையே உள்ள பொருளாதார வேறுபாட்டில் 75 விழுக்காடு வரையில் அதனால் விளக்க முடிந்தது. பூத் பல ஆண்டுகள் தெருத் தெருவாக நடந்து தீட்டிய வண்ணப்படத்தை, வானத்தில் இருந்தபடியே தீட்டும் முயற்சி என்று இதைச் சொல்லலாம்.

இரண்டாம் படிக்குக் கைப்பேசிப் பதிவுகள் பயன்பட்டன. பேசிய பேச்சு அன்று, பேசியதன் தடம். ஒருவர் எத்தனை முறை பேசுகிறார், எத்தனை பேரோடு பேசுகிறார், பகலிலா இரவிலா, வெளிநாட்டுக்குப் பேசுவதுண்டா, இணையத்தை எவ்வளவு பயன்படுத்துகிறார் என்பன போன்ற பல நூறு குறிப்புகள். அவற்றிலிருந்து அவருடைய வறுமையை எப்படி ஊகிப்பது?

நான் வகுப்பில் கணக்குக் கற்பித்த முறையைக் கொண்டு இதை விளக்குகிறேன். ஒரு முறை, விதியை முதலில் சொல்லிவிட்டு, அதன்படி கணக்குகளைப் போடச் சொல்லுவது. கணிப்பொறிக்கு முற்காலத்தில் அப்படித்தான் கட்டளையிட்டு வந்தோம். மற்றொரு முறை, விடையோடு கூடிய ஆயிரம் கணக்குகளை மாணவனுக்குக் கொடுத்து, விதியை நீயே கண்டுபிடி என்று விட்டுவிடுவது. இயந்திரக் கற்றல் என்று சொல்லப்படுவது இந்த இரண்டாவது முறைதான். டோகோவில் 2020 செப்டம்பரில் ஆயிரக்கணக்கானோரைத் தொலைபேசியில் அழைத்து, அவர்களது குடும்பம், வீடு, உடைமை முதலியவற்றைப் பற்றிக் கேட்டார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு விவரங்கள் உண்டு: கைப்பேசித் தடம் ஒன்று; வாழ்க்கை நிலை மற்றொன்று. தடம் வினா, நிலை விடை. இந்த ஆயிரக்கணக்கான வினா விடைகளிலிருந்து கணிப்பொறி விதியைத் தேடியது.

தேடும் வகையையும் சொல்லிவிடுகிறேன். ‘இவர் மாதத்தில் பத்துப் பேருக்கு மேல் பேசுகிறாரா? ஆமெனில் இப்பக்கம், இல்லையெனில் அப்பக்கம்’ என்று கிளை கிளையாகப் பிரிந்து செல்லும் ஒரு சிறு மரத்தை அது கட்டும். அம்மரத்தின் ஊகத்துக்கும் உண்மை விடைக்கும் எவ்வளவு தூரம் என்று பார்க்கும். மிச்சமிருக்கும் பிழையைக் குறைக்க இரண்டாவது மரம். அதன் பிழைக்கு மூன்றாவது. இப்படிச் சிறு மரங்கள் பல சேர்ந்து ஒரு தோப்பாகி ஊகத்தைச் சொல்லும். இதில் மாயம் ஒன்றும் இல்லை. பிழையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் பொறுமைதான். அது மனிதனைவிடக் கணிப்பொறிக்கு அதிகம் உண்டு.

ஆயினும் மாணவர்களில் சிலர் உண்டல்லவா, விதியைக் கண்டுபிடிக்காமல் ஆயிரம் கணக்கையும் விடையோடு மனப்பாடம் செய்துவிடுவார்கள்? புத்தகத்துக் கணக்கில் நூற்றுக்கு நூறு. எண்ணை மாற்றினால் சுழி. இயந்திரமும் இக்குற்றத்துக்கு விலக்கன்று. ஆகவே விவரங்களில் ஒரு பகுதியைக் கற்கும்போது காட்டாமல் மறைத்து வைத்து, பின்னர் அதைக் கொண்டே தேர்வு நடத்துவார்கள். வினாத்தாள் வெளியானால் தேர்வு செல்லாது என்பது இங்கும் விதிதான்.

டோகோவில் மிக வறிய 100 வட்டாரங்களைத் தேர்ந்து, அங்கே பதிவு செய்துகொண்டவர்களில் நாளொன்றுக்கு 1.25 டாலருக்கும் குறைவாகச் செலவிடுபவர் என்று ஊகிக்கப்பட்டவர்களுக்குப் பணம் அனுப்பினர். பிறகு அந்த ஆராய்ச்சியாளர்கள் செய்த காரியத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். தங்கள் முறை விட்டுவிட்டவர்கள் எத்தனை பேர் என்று தாங்களே கணக்கிட்டு, 2022-இல் வெளியிட்டனர். நான் 1987-இல் அதைச் செய்யவில்லை. ஒரு நாற்காலி காலியான பிறகே போய்ப் பார்த்தேன்.

அவர்கள் கண்டது இது. வட்டாரத்தை மட்டும் பார்த்து எல்லாருக்கும் கொடுத்தால் எத்தனை வறியவர் விடுபடுவரோ, அதைவிட 4 முதல் 21 விழுக்காடு வரை இம்முறையில் விடுபாட்டுப் பிழை குறைந்தது. வீட்டுக்கு வீடு சென்று தயாரித்த முழுமையான பதிவேடு ஒன்று இருந்திருந்தால் எப்படி என்றும் பார்த்தனர். அதோடு ஒப்பிட்டால் இம்முறையின் விடுபாட்டுப் பிழை 9 முதல் 35 விழுக்காடு வரை அதிகம். இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துப் படிக்கவேண்டும். முதல் வாக்கியத்தை மட்டும் படிப்பவர், இயந்திரம் இருக்கக் கணக்கெடுப்பு எதற்கு என்பார். இரண்டாவதை மட்டும் படிப்பவர், இயந்திரமே வேண்டாம் என்பார். பதிவேடு இல்லாத நாட்டில், நோய்க் காலத்தில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்ததே, அது சிறிய காரியமா? அதே சமயம், பதிவேடு தயாரிக்கக் காலமும் வசதியும் உள்ள நாடு, சோம்பலால் அதைச் செய்யாமல் இயந்திரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டால் அதை நான் ஒப்பமாட்டேன்.

இன்னும் சில ஐயங்கள் என் மனத்தில் உண்டு. கைப்பேசியோ அதற்கான சிம் அட்டையோ இல்லாதவர் தடமே விடுவதில்லை. அவரை இயந்திரம் வறியவர் என்றும் சொல்லாது, செல்வர் என்றும் சொல்லாது. அப்படி ஒருவர் இருப்பதே அதற்குத் தெரியாது. கிழவியரும் நாடோடிகளும் அவர்களிலும் வறியவர்களும் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள். மேலும், இயந்திரம் பார்ப்பது அறிகுறியையே அன்றி வறுமையை அன்று. மகன் பட்டணத்திலிருந்து அடிக்கடி அழைக்கிறான் என்பதற்காக ஒரு தாய் பசியின்றி இருக்கிறாள் என்று சொல்ல முடியுமா? டோகோவில் இயந்திரத்துக்கு விடையாகக் கொடுத்த வாழ்க்கை நிலையும், நேரே செலவைக் கேட்டு அறிந்ததன்று. உடைமை முதலிய அறிகுறிகளைக் கொண்டு மதிப்பிட்டதே. ஆசிரியரே ஊகத்தில் இருக்கும்போது மாணவன் எவ்வளவு தூரம் போக முடியும்? இதை ஆராய்ச்சியாளர்கள் மறைக்கவில்லை. தொலைபேசியில் நெடுநேரம் செலவுக் கணக்குக் கேட்க இயலாது என்பது உண்மைதான்.

விவரம் பழசாவதும் உண்டு. ஸ்லேட்டர் காலத்து ஊர்களைப் பற்றிய விவரம் பழசாகிவிட்டது என்பதால்தான் 1930-களின் பிற்பகுதியில் பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் ஆகியோர் மேற்பார்வையில் அவ்வூர்களை மறுபடியும் ஆராய்ந்தனர். கைப்பேசிப் பழக்கமோ இரண்டாண்டுக்குள் மாறிவிடும். குறைவாகப் பேசினால் பணம் வரும் என்று செய்தி பரவினால், அன்றே பேச்சுக் குறைந்துவிடும்! ஆகவே இயந்திரத்துக்கு அடிக்கடி புதிய பாடம் சொல்லிக் கொடுக்கவேண்டும். அந்தப் பாடத்தை யாராவது ஒருவர் ஒரு வீட்டு வாசலில் நின்று கேட்டு எழுதித்தான் ஆகவேண்டும்.

என் மனத்தை மிகவும் உறுத்துவது வேறொன்று. அந்தச் சிறுமியின் தாய் அன்று என்னைக் கேட்டாள்: “எங்க பிள்ளை பேரை ஏன் சார் எழுதல?” நான் தலை குனிந்து, “ஓட்டு வீடு என்று விட்டுவிட்டேன், அம்மா” என்றேன். வெட்கக்கேடான பதில், ஆனாலும் பதில். அதைக் கேட்டதும் அவள் என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய்க் காட்ட முடிந்தது. ஆயிரம் மரங்கள் அடங்கிய தோப்பு ஒருவரை விட்டுவிட்டால், ஏன் விட்டது என்று அவருக்கு யார் சொல்லுவது? அவர் யாரிடம் தம் பின்கட்டைக் காட்டுவது? உதவித் திட்டத்தோடு முறையீட்டுக்கு ஓர் ஆளும், அந்த ஆளுக்குப் பட்டியலைத் திருத்தும் உரிமையும் இருக்கவேண்டும் என்று நான் கருதுகிறேன்.

உங்களில் சிலர் நாளை இத்தகைய இயந்திரங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போகிறீர்கள். அதற்கு முன் வரும் விடுமுறையில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். உங்கள் தெருவில் இருபது வீடுகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்த்தே, எந்த ஐந்து வீடுகள் மிகவும் கடினமான நிலையில் இருக்கும் என்று ஊகித்து எழுதுங்கள். பிறகு உள்ளே சென்று, அவர்கள் இசைந்தால், சென்ற வாரத்து உணவையும் மருத்துவச் செலவையும் கடனையும் கேட்டு எழுதுங்கள். இரண்டையும் ஒப்பிட்டு, விட்டவர் எத்தனை, தவறாகச் சேர்த்தவர் எத்தனை என்று தனித்தனியே குறியுங்கள். எந்தக் கேள்வி கேட்டிருந்தால் விட்டவர் அகப்பட்டிருப்பார் என்பதையும் பக்கத்தில் எழுதிவையுங்கள். பெயர்களை மட்டும் நோட்டில் எழுதவேண்டாம், எண் போதும். ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டில் சொல்லவேண்டாம்.